பச்சை விளக்கில் பதினான்கு மணி நேரம்

அத்தியாயம் 5

"யாருன்னு மட்டும் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லிட்டாப் போதும். இன்னிக்கே வெளிய அனுப்பிடறேன். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்கூடத் தர மாட்டேன்."

சொன்னவர் குருமூர்த்தி. அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டைப் பார்த்த கட்டடத்தின் மூன்றாவது மாடி முழுவதும் அவருடைய ராஜ்ஜியம். முட்டைக் கம்பெனிகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. தலைமை அலுவலகம் சென்னையில். சேலம் கிளைக்கு மேனேஜர் இவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டைப் பட்டன் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். பேசும்போதே கொட்டாவி வந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் எனக்கு அன்று மத்தியானம் வரைதான் நீடித்தது.

என் பெயர் பிரான்சிஸ். உஷாராணி துப்பறியும் நிலையத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று நாற்காலி. கிளையண்ட் ஜோடியாக வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். உஷாராணி அக்கா இருபத்திரண்டு வருடம் லாரி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய லாரியைப் பார்த்தே அந்த டிரைவர் கடைசியாக எங்கே சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவார் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

குருமூர்த்தியின் பிரச்சினை இது. அவர்கள் ஆபீசில் இரண்டு இரண்டு வாரமாக வேலையை வெட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் ஸ்பிரிண்ட் என்று பெயர். செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு போர்டில் சின்னச் சின்ன அட்டைகளாக நிற்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆளின் பெயர், எத்தனை மணி நேர வேலை என்ற கணக்கு. ஓர் ஆளுக்குச் சுமை அளவோடு இருந்தால் போர்டு பச்சையாக எரியும். மீறினால் சிவப்பு. சென்னையில் இருக்கும் பெரியவர்கள் போர்டைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

ஆடி மாதத்திலிருந்து யாரோ அவர் பெயரில் அட்டைகளை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்களாம். இது ஆறாவது ஸ்பிரிண்ட். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீடு. ஆனால் போர்டு மட்டும் பச்சை. சென்னைக்குச் சொன்னால், "பச்சையாத்தானே இருக்கு" என்று போனை வைத்துவிடுகிறார்கள். அவருக்குக் கீழே திட்டமிடும் குழுவில் நான்கு பேர். நால்வருக்கும் ஒரே லாகின். தனித்தனியாக வாங்கித் தர இவருக்கு மனமில்லை. அதனால் யார் செய்தது என்று தெரியவில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாய்ப்பேச்சுப் புகாரை அக்கா எடுக்க மாட்டார். கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்வேயர் காலத்துப் பழக்கம். குருமூர்த்தியும் எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிப் படித்தேன்.

'பன்னிரண்டு வாரங்களாக என் பெயரில் ஏற்றப்படும் வேலை எந்த மனிதனாலும் தாங்கக்கூடியது அல்ல. போன வாரம் ஐந்து ரோடு சந்திப்பில் ஸ்டீயரிங்கிலேயே தூங்கிவிட்டேன். இப்படியே போனால் வண்டி ஓட்டும்போது செத்துவிடுவேன்.'

பாதிரியாரிடம் போக வேண்டிய கேஸ் நம்மிடம் வந்துவிட்டது என்று அக்காவின் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. நீங்க பதினோரு மணி வரைக்கும் வேலை செய்யறீங்க. போர்டு பச்சைங்குது. அப்ப உங்களால ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முடியும்னு யாரோ அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும் இல்லீங்களா?"

குருமூர்த்தி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். அதெல்லாம் செட்டிங்ஸ் விவகாரம் என்றார். உடனே அவருக்கு ஒரு போன் கால் ஞாபகம் வந்து வெளியே போனார். போகும்போது, தேவிப்ரியா என்று ஒருத்தி இருக்கிறாள், லீவு கேட்டுச் சண்டை போட்டவள், அவளை முதலில் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கண்ணாடி வழியாக அந்தத் தேவிப்ரியாவைக் கவனித்தேன். முறைத்தாள். கேஸ் முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்றேன். புரட்டாசி மாதம் என்பதால் நல்ல ஹோட்டல்களில் பாதியில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. சீக்கிரம் போனால்தான் என்னைப் போன்ற அந்தோணியார் பக்தனுக்கு ஏதாவது கிடைக்கும். அக்கா காதில் வாங்கவில்லை. குருமூர்த்தி கொடுத்த லாகினில் செட்டிங்ஸைத் திறந்துவிட்டார்.

குருமூர்த்தி, ஒரு நாள் திறன்: பதினான்கு மணி நேரம்.

மற்ற எல்லோருக்கும் எட்டு. இவருக்கு மட்டும் பதினான்கு.

"பாத்தியா பிரான்சிஸ். ஒம்பது டன் ஏத்தற லாரியோட ஆர்.சி. புக்குல பதினாறுன்னு திருத்திட்டா, எடை மேடைல பிரச்சினையே வராது. அச்சு முறியறது லாரிக்கு மட்டும்தான் தெரியும்."

அந்தப் பதினான்கு மணி நேர விதி எப்போது உருவானது என்று பார்த்தார். இந்த வருடம் இல்லை. போன வருடம் தை மாதம். உருவாக்கியவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்து நான் விசிலடித்தேன். குருமூர்த்தி.

"தனக்குத் தானே குழி வெட்டிக்கிட்ட மகராசன்" என்றேன்.

"அவருக்கு வெட்டல. வேற யாருக்கோ வெட்டியிருக்காரு."

உண்மைதான். போன வருடம் அந்த விதி ஒரே ஓர் ஆளுக்குத்தான் போடப்பட்டிருந்தது. ஆறு ஸ்பிரிண்ட், பன்னிரண்டு வாரம். அந்த ஆளின் பெயரை அழித்துவிட்டிருந்தார்கள். 'முன்னாள் பயனர்' என்று மட்டும் இருந்தது. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் அந்த முன்னாள் ஏற்ற சுமையை அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம், நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தொன்று, நூற்று இருபத்தாறு, நூற்று முப்பத்தொன்று, நூற்று முப்பத்தெட்டு. பக்கத்தில் குருமூர்த்தியின் இந்த ஆறு ஸ்பிரிண்ட்களை எழுதினார்.

அதே ஆறு எண்கள். வரிசைகூட மாறவில்லை.

எனக்குச் சாப்பாட்டு ஞாபகம் போய்விட்டது. யாரோ அந்த முன்னாள் ஆளின் பன்னிரண்டு வாரத்தையும் அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, குருமூர்த்தியின் தலையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 'ஏற்கிறீர்களா?' என்று போனுக்கு வந்திருக்கிறது. போர்டு பச்சையாக இருந்ததால் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்கிறேன் என்று அமுக்கியவர் குருமூர்த்திதான். ஆறு தடவையும்.

"இன்னொண்ணு பாரு" என்றார் அக்கா. பழைய திட்டத்தில் அந்த ஆள் லீவு கேட்டு எழுதிய குறிப்புகள் மூன்று இருந்தன. மாட்டுப் பொங்கல். பல் வலி. மூன்றாவது, ஆறாவது ஸ்பிரிண்டின் முதல் எட்டு வேலை நாட்களுக்கு: 'ஊரில் காப்பு. மாலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும்.' அதன் கீழே சிவப்பில் ஒரே வார்த்தை. 'நிராகரிக்கப்பட்டது.'

நகலில் மாட்டுப் பொங்கலை அழித்திருந்தார்கள். பல் வலியை அழித்திருந்தார்கள். காப்பு மட்டும் அப்படியே நின்றது. குருமூர்த்தியின் பெயருக்குக் கீழே.

"மறந்துட்டாங்களோ?"

"எந்த ஊர்ல புரட்டாசில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டறாங்க? பார்த்தாலே துருத்திக்கிட்டு நிக்குது. முதல் ரெண்டை அழிச்ச கை மூணாவதுல நின்னிருக்கு. மறதி இல்ல. அழிக்க மனசு வரல."

கீழே வாட்ச்மேன் அம்மாசியிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். வருகிறவர் போகிறவர் நேரத்தையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிவைக்கிறவர். போன வருடம் பங்குனியில் கையில் மஞ்சள் காப்போடு வேலைக்கு வந்த ஆள் யார் என்று அக்கா கேட்டதும், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எருமப்பட்டிக்காரன் இளவழகன் என்றார். கல்யாணமாகி ஆறு மாதம்தான். காப்புக் கட்டிவிட்டால் ராத்திரி ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது. அதனால் எட்டு நாளும் ராத்திரி பத்தரை மணிக்கு வேலையை முடித்துவிட்டு, எழுபது கிலோமீட்டர் பைக்கில் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் திரும்பி வருவான். எட்டாம் நாள் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். பிரேக் போட்ட தடயமே ரோட்டில் இல்லையாம்.

"தூங்கிட்டான் சாமி. கேட்டைத் தெறந்து உடறப்பவே கண்ணு சொருகித்தான் இருந்துச்சு. இருந்துட்டுப் போன்னு சொன்னேன். அம்மன் கோவிச்சுக்கும்னு சிரிச்சுட்டுப் போனான்."

ஆபீசிலிருந்து சாவுக்கு யாராவது போனார்களா என்று கேட்டேன். மாலையைக் கூரியரில் அனுப்பினார்கள் என்றார் அம்மாசி. எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. வெள்ளிக்கிழமைதான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன், ஆனாலும் வந்தது.

அக்கா அந்த நீள நோட்டைப் புரட்டினார். இந்த ஸ்பிரிண்ட் தொடங்கிய போன வாரத் திங்களிலிருந்து பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். எல்லோரும் ஏழரை, எட்டு, எட்டரை என்று கிளம்பியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஏழு நாளும் 5.00. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. அதற்கு முன்பு அந்த ஆளும் எட்டு மணிக்குத்தான் போயிருக்கிறார்.

பெயர், கோகிலவாணி. திட்டமிடும் குழுவில் நான்காவது ஆள். ஆனி மாதம் ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள்.

மாடிப்படித் திருப்பத்தில் அவளைப் பிடித்தோம். மணி மூன்றே முக்கால். இருபத்தாறு வயதிருக்கும். எங்களைப் பார்த்து அவள் பயப்படவில்லை.

"இன்னிக்கும் அஞ்சு மணிக்குத்தானா, கோகிலவாணி?"

"ஆமாங்க. இன்னியோட எட்டாவது நாளுங்க."

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். இளவழகன் சாவைப் பற்றி நிறுவனம் எழுதிய விசாரணை அறிக்கை. கடைசிப் பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன். 'வேலைச் சுமை இயல்பானதே. எந்த ஊழியராலும் தாங்கக்கூடியதே. திருவிழாவில் இரவெல்லாம் கண்விழித்து ஆடிய களைப்பில் கவனக்குறைவாக வண்டி ஓட்டியதே விபத்துக்குக் காரணம்.' கீழே கையெழுத்து, குருமூர்த்தி.

"எங்க ஊட்டுக்காரரு அந்த எட்டு நாள்ல கோயில் கம்பத்தச் சுத்தி ஒரு தடவகூட ஆடலீங்க. வந்து சேரும்போது ஊரே தூங்கிப்போயிருக்கும். இந்த ஆளு ஆடினாருன்னு எழுதிப்போட்டாருங்க."

சாவுக்குப் பிறகு சென்னையோடு எல்லாம் தபாலிலேயே நடந்ததால் அவள் முகம் குருமூர்த்திக்குத் தெரியாது. அவள் பெயரையும் அவர் படித்திருக்க மாட்டார். அந்த வரியை நீக்கச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. கையில் ஆதாரம் எதுவும் இல்லை. போர்டு பச்சை என்று நிறுவனம் ஒரு காகிதத்தை நீட்டினால் போதும், அந்த வரி அப்படியே நிலைத்துவிடும்.

குருமூர்த்தியும் அதே மாதிரி செத்துப்போகட்டும் என்றுதான் இதைச் செய்தாயா என்று அக்கா நேராகவே கேட்டார்.

"நெனைக்கலைன்னா பொய்யுங்க. மொத ரெண்டு ஸ்பிரிண்ட் அப்படித்தான் நெனைச்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். செத்துப்போயிட்டா எழுத முடியாதுங்களே. அவரு கையால எழுதோணும். இது மனுசன் தாங்கற வேல இல்லைன்னு அவரே எழுதோணும். அதுக்குத்தானுங்க காத்துக்கிட்டு இருக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பன்னிரண்டு வாரமாகக் காத்திருக்கும் அந்தக் காகிதம் அக்காவின் கைப்பைக்குள்தான் இருந்தது.

அந்தக் காப்புக் குறிப்பை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டார் அக்கா.

"எங்க ஊட்டுக்காரரு அடிச்ச எழுத்துங்க அது" என்றாள்.

அவள் போன பிறகு, அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் அக்காவிடம் கெஞ்சினேன். முடியாது என்றார். கிளையண்ட் நம்மை நம்பி எழுதிக் கொடுத்தது, அதை வெளியே எடுத்தால் துரோகம் என்றார். அப்படியானால் பெயரையாவது சொல்லாமல் இருங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"பேரைச் சொல்றேன்னு வாக்குக் குடுத்தாச்சு. சொல்லித்தான் ஆகணும்."

எனக்கு வந்த கோபத்தில் படியில் இரண்டு எட்டு மேலேயே போய்விட்டேன். இந்த ஆபீஸ் ஒரு பெண்ணின் புருஷனைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறது, நாம் அந்தப் பெண்ணையும் பிடித்துக் கொடுக்கிறோம் என்று கத்தினேன். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை ரிப்போர்ட்ல டிரைவர் கவனக்குறைவுன்னு எழுதியிருப்பேன் தெரியுமா பிரான்சிஸ்? எத்தனை மணி நேரம் ஓட்ட விட்டாங்கன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. வா, அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்."

நாலரைக்குக் குருமூர்த்தியின் அறைக்குள் போனோம். தேவிப்ரியாதானே என்று ஆவலாகக் கேட்டார். அக்கா நிதானமாக உட்கார்ந்தார்.

ஆள் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு சிக்கல் என்றார். வெறும் கையோடு ஒருவரை வெளியே அனுப்பினால் அந்த ஆள் நாளைக்கே வழக்குப் போடலாம். முதலில் இவருடைய புகார் சென்னையில் பதிவாக வேண்டும். ஆறு ஸ்பிரிண்டின் சுமையையும் தேதி வாரியாகப் போட்டு, கையெழுத்தோடு, சட்டப் பிரிவுக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பிவிட்டால் யாரும் அவரை அசைக்க முடியாது. அவ்வளவையும் சொல்லிவிட்டு, காலையில் வாங்கிய காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இதையே டைப் அடித்தால் போதும் என்றார்.

அக்கா எதற்குச் சுற்றி வளைக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குருமூர்த்திக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மளமளவென்று அடித்தார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினெட்டு என்று ஆறு எண்களையும் வரிசையாகப் போட்டார். கடைசியில் தன் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்து, எங்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "இதை இயல்பான வேலை என்று சொல்பவர் யாராக இருந்தாலும் மனசாட்சி இல்லாதவர்."

"நல்லா இருக்குங்க. அந்த வரி கட்டாயம் இருக்கட்டும்" என்றார் அக்கா.

மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் சென்னையிலிருந்து பதில் வந்தது. பெற்றுக்கொண்டோம், சட்டப் பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்று. குருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"இப்பச் சொல்லுங்க. யாரு?"

"கோகிலவாணி. எருமப்பட்டி இளவழகனோட சம்சாரம்."

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அக்கா விசாரணை அறிக்கையை மேசைமேல் வைத்தார். பக்கத்தில், இரண்டு வரிசையாக ஆறு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு. "இதுவும் உங்க கையெழுத்துத்தானுங்களே? இதுல எந்த ஊழியராலும் தாங்க முடியும்னு இருக்கு. இப்ப அனுப்பினதுல எந்த மனுஷனாலும் தாங்க முடியாதுன்னு இருக்கு. மணி நேரம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சட்டப் பிரிவுல பதிவானதைத் தொழிலாளர் அலுவலகம் கேட்டா யாரும் மறைக்க முடியாது. வெள்ளிக்கிழமை விசாரணைல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிப்பாங்க."

குருமூர்த்தி முதலில் அறிக்கையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை. மெயிலைத் திரும்ப இழுக்க முடியுமா என்று எதை எதையோ அமுக்கினார். பதில் வந்த மெயிலை எங்கே இழுப்பது? அவர் அமுக்கி அமுக்கித் தோற்றதைப் பார்க்க எனக்கு இனித்தது. மறைக்க விருப்பமில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கட்டும் என்றுதான் இருந்தது.

"நீங்க என் ஆளு. நான்தானே உங்களக் கூப்பிட்டேன்" என்றார்.

"ஆமாங்க. யாருன்னு கேட்டீங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். கோகிலவாணி தோளில் பையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அம்மாசி எழுந்து நின்று கேட்டை அகலத் திறந்துவிட்டு, உட்கார்ந்து நோட்டில் எழுதினார். என்ன நேரம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மேசைமேல் குருமூர்த்தியின் போன் துடித்தது. புது அட்டை ஒன்று. பன்னிரண்டு வாரப் பழக்கம் ஆளை விடுமா? மனுஷன் கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டே, கட்டைவிரலால் ஏற்கிறேன் என்று அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்பிப் படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'வேலை: இளவழகன் விசாரணை அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தல். பொறுப்பு: குருமூர்த்தி. கடைசி நாள்: வெள்ளி. சுமை: இரண்டு மணி நேரம்.'

நூற்று முப்பத்தெட்டோடு இரண்டைக் கூட்டினால் நூற்று நாற்பது. இரண்டு வாரத்தின் பத்து வேலை நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வீதம் சரியாக அவ்வளவுதான் வரும்.

போர்டு பச்சையாகவே எரிந்தது.